மானுக்கு உழுத வயல்

நம் மலையடிவாரக் கிராமங்களில் நிலக்கடலை போட்டவர் பரண் கட்டி, தகரம் தட்டி, இரவெல்லாம் கண்விழிப்பது மானும் பன்றியும் வந்துவிடக் கூடாதே என்பதற்காக. அமெரிக்காவில் அலபாமா முதல் மிச்சிகன் வரை ஒரு பெருங்கூட்டம் மான் வர வேண்டுமே என்று உழுகிறது. மண் எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறது, சுண்ணாம்பு இறைக்கிறது, விதை தேடி வாங்குகிறது, களைக்கு மருந்து அடிக்கிறது. விளைந்த தழையில் ஒரு கைப்பிடிகூட வீட்டுக்கு வராது. அறுவடை ஒன்று உண்டு. அது இலையுதிர்காலத்தில், துப்பாக்கியோடும் வில்லோடும். இந்த வயலை அவர்கள் ‘ஃபுட் பிளாட்’ என்கிறார்கள். தீவன வயல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். கால் ஏக்கரிலிருந்து நாலைந்து ஏக்கர் வரை, காட்டுக்கு நடுவிலோ ஓரத்திலோ, பெரும்பாலும் வேட்டைப் பரண் ஒன்றின் கண்பார்வையில் அது இருக்கும்.

இலையுதிர்காலத்துக்காகப் போட்ட வயல் மிக அழகாக இருப்பது வசந்தத்தில். ஏப்ரல் மாதம் குளோவர் என்ற தீவனச் செடி முழங்கால் அளவு எழுந்து நிற்கும். அதைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பாத நில உரிமையாளர் இல்லை. அந்தப் பச்சையில் மானுக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு? விதை விற்பவர் ஒரு பதில் சொல்கிறார், வனவுயிரியலாளர் வேறொரு பதில் சொல்கிறார், உழுதவர் கண்ணை நம்புகிறார். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: தீவன வயல் வசந்தத்தின் நடுப்பகுதியில் அதிகம் விளைகிறது, மானுக்கு அது தேவைப்படுவது வசந்தத்தின் இரு ஓரங்களில்.

முதலில் இந்தப் பழக்கம் வந்த வழி. 1900ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் வெண்வால் மான்கள் ஐந்து லட்சத்துக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தன என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. சந்தைக்காக இறைச்சியும் தோலும் வேட்டையாடியதன் விளைவு அது. அந்த ஆண்டு வந்த லேசி சட்டம் திருட்டு வேட்டைப் பொருளை மாநிலம் தாண்டி விற்பதைத் தடுத்தது. 1937இல் வந்த பிட்மன் - ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா விற்பனை மீதான வரியை வனவிலங்கு மீட்புக்குத் திருப்பிவிட்டது. மான்களைப் பிடித்து, இல்லாத இடங்களில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று அவற்றின் எண்ணிக்கை மூன்று கோடி அளவில் இருக்கும். எண்ணிக்கை திரும்பியதும் கேள்வி மாறியது: எத்தனை மான் என்பது போய், எப்படிப்பட்ட மான் என்றாயிற்று. டெக்சாஸில் ஆல் பிரதர்ஸ், மர்ஃபி ரே இருவரும் 1975இல் எழுதிய ‘புரொட்யூசிங் குவாலிட்டி ஒயிட்டெயில்ஸ்’ அந்தத் திருப்பத்தின் கையேடு. இளம் ஆண் மான்களை விட்டுவை, பெண் மான்களைப் போதிய அளவு சுடு, நல்ல தீனி கொடு என்ற கொள்கைக்கு 1988இல் ஜோ ஹாமில்டன் தென் கரோலினாவில் ஒரு சங்கமே தொடங்கினார். அதே 1988இல், மீன்பிடிப் போட்டிகளால் பேர் பெற்ற ரே ஸ்காட் அலபாமாவில் மானுக்கென்றே விதை விற்கும் நிறுவனம் ஒன்றை ஆரம்பித்தார். ஆபர்ன் பல்கலைக்கழகத்துத் தாவர மரபியலாளர் வைலி ஜான்சன் உருவாக்கிய குளோவர் அதன் முதல் சரக்கு. அதுவரை மாட்டுக்கு விளைந்த தீவனத்தை மான் திருடித் தின்றது. அதன்பிறகு மானுக்கென்றே விதை, மானுக்கென்றே கலப்பை, மானுக்கென்றே பத்திரிகை. விதைப் பைகளைப் பார்த்தால் ஒன்று புரியும்: இலையின் படம் சிறிது, கொம்பின் படம் பெரிது.

கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பது. குளிர்காலத்தின் பிற்பகுதியில் விழும். மார்ச், ஏப்ரலில் மெல்லிய ரோமத்தோல் போர்த்திய குருத்தாகக் கிளம்பும். ஆகஸ்ட் முடிவில் இறுகிவிடும். பாலூட்டிகளின் உடலில் இத்தனை வேகமாக வளரும் திசு வேறு அரிது. முற்றிய கொம்பில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு புரதம், மீதி பெரும்பாலும் சுண்ணாம்பும் பாஸ்பரசும். இந்தத் தாதுக்களை அன்றாடத் தீனி மட்டும் ஈடுகட்டாது என்பதால் மான் தன் விலா எலும்புகளிலிருந்து கடன் வாங்கிக் கொம்புக்கு அனுப்புகிறது. பிறகு மேய்ந்து அடைக்கிறது. வசந்தத் தீனி வேண்டியிருப்பது கொம்புக்காக மட்டும் என்றால், குளிர்காலத்தில் இளைத்த உடல் முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதை மறந்துவிடுகிறோம். வடமாநிலங்களில் பனி விலகும்போது மான் தன் இலையுதிர்கால எடையில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட இழந்து நிற்கும். முதலில் தசை, பிறகுதான் தலை.

பெண் மானின் கணக்கு இதைவிடக் கடினமானது. சினைக்காலம் ஏறத்தாழ 200 நாள். வடக்கில் நவம்பரில் இணைசேர்ந்தால் மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் குட்டி. வயிற்றுக்குள் குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி மூன்றில் ஒரு பங்குக் காலத்தில் நடக்கிறது. அதாவது மார்ச் கடைசியிலிருந்து மே வரை. மிச்சிகனின் கியூசினோ ஆய்வு நிலையத்தில் லூயிஸ் வெர்மி 1960களில் கூண்டு மான்களை வைத்துக் காட்டியது இன்றும் இந்தத் துறையின் அடிக்கல்: குளிர்காலமும் வசந்தமும் பட்டினியில் கழித்த தாய்களின் குட்டிகளில் பெரும்பாலானவை பிறந்த சில நாட்களில் செத்தன, வயிறார உண்டவற்றின் குட்டிகள் பிழைத்தன. பிறந்தபின் பால் சுரப்பதற்கு இன்னும் கூடுதல் சத்து வேண்டும். சும்மா உயிர் தாங்க மானுக்கு 6 முதல் 10 விழுக்காடு புரதமுள்ள தீனி போதும். வளர்ச்சிக்கும் கொம்புக்கும் பாலுக்கும் 16 விழுக்காடு அளவில் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

மான் மாட்டைப்போல் அசைபோடும் விலங்குதான், ஆனால் மாட்டின் வயிறு அதற்கு இல்லை. முதல் இரைப்பை சிறியது. நார் நிறைந்த வைக்கோலை நாள்கணக்கில் ஊறவைத்துச் சாறு எடுக்க அதனால் முடியாது. எளிதில் கரையும் குருத்தையும் பூவையும் பொறுக்கித் தின்பதற்கு ஏற்ற ஒடுங்கிய வாய் அதற்கு. வைக்கோலால் வயிறு நிரம்பியபடியே பட்டினியில் இறந்த மான்கள் உண்டு. இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்க் கூட்டம் புதிய தீனிக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். குளிர்காலம் முழுக்க மரக்குச்சியும் மொட்டும் தின்றுகொண்டிருந்த மானுக்கு இரக்கப்பட்டு யாராவது மக்காச்சோளத்தைக் கொட்டினால், அது அமிலம் கட்டிச் செத்துப்போவதும் உண்டு. வசந்தத் துளிர்ப்பு அப்படி ஒரே நாளில் கொட்டுவதில்லை, மெல்லப் பச்சை கட்டுகிறது. அந்த மாற்றத்தைக் காட்டில் நடப்பவர் தரையிலேயே பார்க்கலாம்: குளிர்காலத்தில் மணிமணியாக உதிர்ந்த புழுக்கை வசந்தத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அந்தப் பச்சையில் தண்ணீரும் பொட்டாசியமும் மிகுதி, உப்பு குறைவு. அதனால்தான் மான்கள் உப்பு மண்ணைத் தேடி நக்குவது வசந்தத்தில் அதிகம்.

இனி செடியின் பக்கம். தீவன வயலில் ஒரு செடிக்குப் பேர் ‘வசந்தம்’ என்று எழுதிவிட முடியாது. ஒவ்வொன்றும் வேறு தேதியில் எழுந்து வேறு தேதியில் முற்றுகிறது. இலையுதிர்காலத்தில் விதைத்த ரை தானியம் எல்லாரையும் முந்திக்கொள்ளும். உறைநிலைக்கு நாலைந்து பாகை மேலே போனாலே அது அசையத் தொடங்கிவிடும்; வடக்கில் பனி விலகிய மறுவாரம் வயலில் தெரியும் பச்சை பெரும்பாலும் அதுதான். அடுத்தது குளிர்காலக் கோதுமை. ஓட்ஸ் மானுக்கு மிகப் பிடித்தது, ஆனால் கடுங்குளிரில் கருகிவிடும். வடமாநிலத்தில் வசந்தத்தில் ஓட்ஸைத் தேடினால் காய்ந்த சருகுதான் கிடைக்கும். இந்தப் புல்லினத் தானியங்களின் வளர்முனை குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் ஒளிந்திருக்கும். அதனால் மான் எத்தனை முறை இலையைக் கடித்தாலும் மறுபடி விடும். வெயில் ஏறி, கணு பிடித்து, தண்டு எழும்பத் தொடங்கியதும் கதை முடிந்தது. தண்டு தடிக்கிறது, நார் கூடுகிறது, மான் திரும்பிப் பார்ப்பதில்லை. இலையாக இருக்கும்போது 20 விழுக்காட்டுக்கு மேல் புரதம் வைத்திருந்த அதே பயிர் கதிர் முற்றுகையில் 10க்கும் கீழே போய்விடும்.

கோதுமை தண்டு எழுப்பும் வாரங்களில் கிரிம்சன் என்ற குளோவர் மேலெழும். அது ஓராண்டுப் பயிர். இலையுதிர்காலத்தில் முளைத்து, குளிர்காலம் முழுக்க உள்ளங்கை அகலத்துக்கு ஒடுங்கிக் கிடந்து, தென்மாநிலங்களில் மார்ச்சில் திடீரென்று நுரைபோல் பொங்கும். ஏப்ரலில் வயல் முழுக்க இரத்தச் சிவப்பில் பூ. மே மாதம் காய்ந்துபோகும். அதன் இடத்தைப் பிடிக்க ஆரோலீஃப் என்ற இன்னொரு குளோவர் ஜூன் வரை இழுத்துக்கொண்டு போகும். பல ஆண்டு நிற்கும் வெள்ளைக் குளோவர்தான் இந்த வயல்களின் முதுகெலும்பு. அது தரையோடு கொடியோடிப் படரும். மான் தின்பது இலையையும் காம்பையும் மட்டும், வளர்முனை மண்ணோடு ஒட்டிய கொடியில் பத்திரமாக இருக்கும். மேய மேய விடுவது அதனால்தான். குதிரைமசாலும் நல்ல தீனிதான், ஆனால் பூச்சிக்கும் மண்ணுக்கும் இத்தனை செல்லம் காட்ட வேண்டிய பயிரை மானுக்குப் போடுவது செலவாளிகளின் வேலை. சிக்கரி இன்னொரு பக்கம். நம் ஃபில்டர் காபியில் வறுத்த வேராகச் சேரும் அதே செடி. அங்கே மேய்ச்சலுக்கான வகையை இலைக்காக வைக்கிறார்கள். ஆழமான ஆணிவேர் உள்ளதால் கோடை வறட்சியில் குளோவர் சுருங்கும்போது சிக்கரி நிற்கும். இரண்டாம் வசந்தத்தில் ஆளுயரத்துக்குத் தண்டு எழுப்பி நீலப் பூ பூக்கும். அப்போது தலையைக் கொய்துவிட்டால் மறுபடி இலை.

கடுகுக் குடும்பத்து டர்னிப், முள்ளங்கி, ரேப் ஆகியவை இலையுதிர்காலக் கதாநாயகர்கள். வசந்தத்தில் அவற்றில் பிழைத்தவை மஞ்சள் பூ பூத்து நிற்கும். பார்க்க அழகு, மானுக்கு அவ்வளவாகப் பயனில்லை. தாண்டிப் போகலாம்.

குளோவர் வயலின் விதி ஏப்ரலில் தீர்மானமாவதில்லை. அதற்கு ஒரு வருடம் முன்பே மண்ணில் எழுதப்பட்டிருக்கிறது. தென்கிழக்கு அமெரிக்காவின் காட்டு மண் புளித்த மண். அமிலம் மிகுந்த நிலத்தில் அலுமினியம் கரைந்து வேரைக் கருக்குகிறது, பாஸ்பரஸ் செடிக்குக் கிடைக்காமல் பூட்டிக்கொள்கிறது, குளோவரின் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் நுண்ணுயிர் ஒழுங்காகக் குடியேறுவதில்லை. பி.எச். 6க்குக் கீழே இருந்தால் உரம் கொட்டுவது வீண். சுண்ணாம்பு இறைத்தாலும் அது மண்ணோடு வினைபுரியப் பல மாதம் பிடிக்கும். மார்ச்சில் இறைத்துவிட்டு ஏப்ரலில் பலன் பார்க்க நினைப்பவர்கள்தான் ‘இந்த விதை சரியில்லை’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். நம் ஊரில் உளுந்துக்கும் துவரைக்கும் விதைநேர்த்தி செய்வதுபோல் குளோவருக்கும் உரிய ரைசோபியத்தைக் கலந்து விதைக்க வேண்டும். முடிச்சு பிடித்துவிட்டால் தழைச்சத்தை அதுவே காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். அப்புறமும் யூரியா போடுகிறவர் குளோவருக்கு நடுவே முளைத்த புல்லை ஊட்டி வளர்க்கிறார்.

வடமாநிலத்தாரிடம் ஒரு அருமையான கைப்பக்குவம் உண்டு: உறைபனி விதைப்பு. பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ, இரவில் உறைந்து பகலில் இளகும் வாரங்களில், உழாமலேயே குளோவர் விதையைத் தூவிவிடுவார்கள். உறையும்போது மண் தேன்கூடுபோல் பொரிந்து பிளக்கும், இளகும்போது மூடிக்கொள்ளும். அந்த ஏறி இறங்கலிலேயே கடுகளவு விதை தானாக மண்ணுக்குள் போய்விடும். கலப்பை வேண்டாம், டிராக்டர் வேண்டாம், தோளில் தொங்கும் ஒரு தூவுபெட்டி போதும். முந்தைய இலையுதிர்காலத்தில் போட்ட கோதுமைக்கு இடையிலேயே இப்படித் தூவினால், கோதுமை முற்றும்போது அடியில் குளோவர் தயாராக இருக்கும். வசந்தத்தில் புதிதாக உழுது விதைப்பவருக்கு இந்த வசதி கிடையாது. குளோவர் நாற்று வேர் பிடிப்பதற்குள் களைகள் அதன் தலைக்கு மேல் போய்விடும், பிறகு கோடை வந்து மீதியை முடிக்கும். உழுது விதைக்கும் வெள்ளைக் குளோவருக்கு ஏற்ற பருவம் இலையுதிர்காலம்தான் என்பதில் தெற்கத்தியப் பல்கலைக்கழகங்களின் விரிவாக்கத்துறைகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

இதுவரை சொன்னது வயலுக்குள். வேலி தாண்டிப் பார்த்தால் படம் வேறு. ஏப்ரல் நடுவில் வயல் பொங்கும் அதே வாரத்தில் காடும் பொங்குகிறது. ஸ்மைலாக்ஸ் கொடியின் நுனி, பிளாக்பெர்ரித் துளிர், போக்வீட் குருத்து, ராக்வீட் கன்று என்று அமெரிக்க உழவர் களை என்று வெறுக்கும் செடிகளின் இளந்தழையில் குளோவருக்கு இணையான புரதம் இருக்கிறது. மானுக்கு இவை பிடிக்கவும் செய்யும். ஆக, வயலின் விளைச்சல் உச்சத்தில் இருக்கும் நாட்களில் மானுக்கு அதன் தேவை மிகக் குறைவு. முழங்கால் அளவு எழுந்த குளோவரை மான் தொடவில்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கான விடை பெரும்பாலும் இதுதான்.

ஒரு கைக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்களை நான் எளிமைக்காக உருட்டியிருக்கிறேன். ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். அதில் 25 மான். 60 கிலோ எடையுள்ள மான் ஒன்று தன் எடையில் 3 விழுக்காடு உலர்தீனி தின்னும் என்றால் நாளுக்கு 1.8 கிலோ, எல்லாமாக 45 கிலோ. 90 நாள் வசந்தத்துக்கு 4 டன். நிலத்தில் ஒரு விழுக்காடு, அதாவது 6.4 ஏக்கர் குளோவர் என்று வைப்போம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 2 டன் உலர்தழை என்றால் 12.8 டன்; அதில் பாதி வசந்தத்தில், அதிலும் பாதிதான் மான் வாய்க்குப் போகும் என்றால் 3 டன் சொச்சம். காகிதத்தில் பிரமாதம். இப்போது காட்டைப் பாருங்கள். கிளைகள் பின்னி வெயிலே இறங்காத காட்டுத்தரையில் மான் தின்னத்தக்க தழை ஏக்கருக்குச் சில பத்துக் கிலோதான். 30 கிலோ என்று வைத்தால் 630 ஏக்கருக்கு 19 டன், அதிலும் சத்தானது கொஞ்சமே. அதே காட்டில் மரங்களைக் கலைத்து வெயில் இறங்க விட்டு, சில ஆண்டுக்கு ஒருமுறை கட்டுப்படுத்திய தரைத்தீ வைத்தால் ஏக்கருக்குப் பல நூறு கிலோ கிடைக்கும் என்று டென்னசிப் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் ஹார்ப்பரும் அவர் குழுவினரும் பல ஆண்டுகளாகக் காட்டிவருகிறார்கள். 200 கிலோ என்று குறைத்தே வைத்தாலும் 126 டன். மூடிய காட்டில் தீவன வயலுக்கு ஒரு மதிப்பு உண்டு. திறந்த காட்டில் அது கூட்டுக்கறி. தீவன வயலைப் பற்றியே தனிக் கையேடு எழுதியவர் ஹார்ப்பர் என்பதால் அவர் வாயிலிருந்து இது வரும்போது எடை கூடுகிறது.

அப்படியானால் வயலே வீணா? அப்படிச் சொல்லவும் எனக்கு மனமில்லை. மேற்கே வயோமிங்கில் கோவேறுமான்கள் வசந்தத்தில் செய்வதைப் பார்த்தால் விடை கிடைக்கும். ரெட் டெசர்ட் சமவெளியிலிருந்து ஹோபேக் மலைப்படுகை வரை சுமார் 240 கிலோமீட்டர் அவை நடக்கின்றன. தாழ்வில் துளிர்த்தது முற்றும்போது சற்று மேலே புதிதாகத் துளிர்த்திருக்கும். அந்தத் துளிர் அலையின் மேலேயே ஏறிப் போகின்றன. வாரக்கணக்கில் அவற்றுக்கு எப்போதும் ஏப்ரல் முதல் வாரம்தான். கிழக்கத்திய வெண்வால் மானுக்கு அந்த வசதி கிடையாது. அதன் வாழ்வெல்லை பெரும்பாலும் ஒரு சதுர மைலுக்குள். அது வசந்தத்தைத் துரத்திப் போக முடியாது. நின்ற இடத்திலேயே வசந்தத்தை நீட்டிக் கொடுப்பதுதான் தீவன வயலால் ஆகக்கூடிய உருப்படியான காரியம். காடு விழிப்பதற்கு மூன்று நாலு வாரம் முன்பே பச்சை காட்டும் ரையும் கோதுமையும் ஒரு ஓரம். காட்டுத்தழை முற்றி நாராகும் ஜூன், ஜூலையில் இன்னும் இளசாக இருக்கும் ஆரோலீஃபும் சிக்கரியும் மறு ஓரம். நடுவில் வரும் ஏப்ரல் பொங்கலைக் கணக்கில் சேர்க்காமல் விட்டாலும் நட்டமில்லை.

இந்த ஓரங்கள் ஊருக்கு ஊர் மாறும். மிச்சிகன், விஸ்கான்சினில் பனிக்காலமே எமன். அங்கே முதல் ஓரம் உயிர்காப்பது. டெக்சாஸில் மழை பெய்தால்தான் வசந்தம், பஞ்சாங்கம் பார்த்து வராது. அலபாமா கதை விசித்திரமானது. அந்த மாநிலத்தின் பல பகுதிகளில் மான்கள் இணைசேர்வது ஜனவரியில். குட்டி போடுவது ஆகஸ்டில். வடக்கத்திய மானுக்கு வசந்தப் பச்சை பாலாக மாறும். அலபாமா மானுக்குப் பால் சுரக்கும் நாளில் குளோவர் வெயிலில் சுருண்டு கிடக்கும். மிச்சிகன்காரர் எழுதியதைப் படித்து அலபாமாவில் விதைப்பவருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

அங்கே கோடைக்குக் கைகொடுக்கும் பயிர்கள் நமக்குப் புதியவை அல்ல. வசந்தத்தின் கடைசியில், மண் நன்றாகச் சூடேறியபின், ‘லாப்லாப்’ என்று விதைக்கிறார்கள். நம் அவரையும் மொச்சையும் அதே இனம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தார் அந்த மாநிலத்துக்கென்றே ‘ரியோ வெர்டே’ என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறார்கள். ‘அயர்ன் கிளே’ என்று சொல்வது நம் தட்டைப்பயற்றின் உறவு. பசுந்தாள் உரத்துக்கு நாம் மடக்கி உழும் சணப்பையும் மானுக்குப் போடுகிறார்கள். சோயாவோடு சேர்த்து இவற்றுக்கெல்லாம் பொதுவான சிக்கல் ஒன்று: முளைத்து இரண்டு இலை விட்ட அன்றே மான் மொட்டையடித்துவிடும். வளர்முனை உச்சியில் இருப்பதால் குளோவரைப்போல் இவை மீள்வதில்லை. வயல் சிறிதாகவும் மான் அதிகமாகவும் இருந்தால் மின்வேலி போட்டுத்தான் காப்பாற்ற முடிகிறது. மானுக்குப் போட்ட பயிருக்கு மானிடமிருந்து வேலி. நம் நிலக்கடலைக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார்.

நல்ல தீனி கொடுத்தால் அடுத்த ஆண்டே பெரிய கொம்பு என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தெற்கு டகோடாவில் நடந்த ஆய்வு ஒன்று பிளாக் ஹில்ஸ் மலைக்காட்டின் சிறிய மான்களையும், கிழக்கத்திய வயல்நாட்டின் பெரிய மான்களையும் கொண்டுவந்து ஒரே தரமான தீனியில் வளர்த்தது. மலைமானின் முதல் தலைமுறைக் குட்டிகள் நல்ல தீனி தின்றும் சிறிதாகவே நின்றன. அவற்றுக்குப் பிறந்த அடுத்த தலைமுறைதான் வயல்நாட்டு மானை எட்டத் தொடங்கியது. தாய் பட்ட பஞ்சம் பிள்ளையின் உடம்பில் இருக்கிறது. நேற்று விதைத்த குளோவரை வைத்து இன்றைய கொம்பை அளப்பவர் அவசரப்படுகிறார்.

கேடுகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். வனவிலங்குக்கு நல்லது என்று நட்டவை நாட்டுக்குக் கேடாக முடிந்த வரலாறு அமெரிக்காவில் நீளமானது. கடந்த நூற்றாண்டின் நடுவில் அரசுத் துறையே பரிந்துரைத்து நட்ட ஆட்டம் ஆலிவ் புதர் இன்று பல மாநிலங்களில் நம் சீமைக் கருவேலத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. மலிவான விதைக் கலவைகளில் சேரும் ரைகிராஸ் புல் பச்சையாக முளைத்து ஆளை ஏமாற்றும். அடுத்த வசந்தத்தில் குளோவரை நெருக்கித் தின்றுவிடும். ரை தானியம் வேறு, ரைகிராஸ் வேறு. பெயர் ஒற்றுமையில் ஏமாந்தவர்கள் நிறைய. மே கடைசியில் களையை அடக்க வயலை வெட்டப் போகிறவர்கள் அசையாமல் பதுங்கிக் கிடக்கும் மான் குட்டியையும் வான்கோழிக் கூட்டையும் இயந்திரத்துக்குக் கொடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. கோடைக் கடைசிவரை பொறுப்பதால் வயல் கெட்டுப்போகாது.

இவற்றைவிடப் பெரியது மான் மெலிவு நோய். 1967இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில், அடைத்து வளர்த்த மான்களில் முதலில் கவனிக்கப்பட்டது. இன்று 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. மருந்தில்லை. நோயைக் கடத்தும் பிரியான் புரதம் எச்சிலிலும் மூத்திரத்திலும் வெளியேறி மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். செடியின் மேலும் ஒட்டும் என்று சோதனைக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். தானியம் கொட்டி மானைக் கூட்டுவதைப் பல மாநிலங்கள் இதற்காகத் தடைசெய்திருக்கின்றன. தீவன வயலை அந்தத் தடைக்குள் பெரும்பாலும் கொண்டுவருவதில்லை. பரந்த வயலில் மான்கள் விலகி விலகி மேய்கின்றன, ஒரே தொட்டியில் வாய் வைப்பதில்லை என்பது அதற்கான நியாயம். இரண்டு ஏக்கர் வயலுக்கு அது பொருந்தும். பரணுக்கு முன்னால் வெட்டிய கால் ஏக்கர்த் துண்டு, தானியக் குவியலிலிருந்து எத்தனை தூரம் என்பது நேர்மையாகக் கேட்க வேண்டிய கேள்வி.

கடைசியாக எண்ணிக்கை. கூடுதல் தீனி கூடுதல் குட்டியைத் தரும். அந்தக் குட்டிகள் வயலில் மட்டும் மேய்வதில்லை. காட்டின் ஓக் கன்றையும் டிரில்லியம் பூவையும் சேர்த்தே தின்கின்றன. மானைச் சுட்டுக் குறைக்காமல் வயலை மட்டும் பெருக்குகிறவர், தான் ஊட்டிய வாயால் காட்டை மேயவிடுகிறார். 1988இல் அந்தச் சங்கத்தார் பெண் மானையும் சுட வேண்டும் என்று சொன்னது இதனால்தான். விதைப் பைகளில் அந்த வரி அச்சாவதில்லை.

இவ்வளவு வாதத்தையும் ஒரு வயலில் தீர்த்துக்கொள்ள மலிவான கருவி ஒன்று இருக்கிறது. அங்கே நிலம் வைத்திருக்கும் நம்மவர்களும் சிலர் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். பத்தடி நீளமும் நாலடி உயரமும் உள்ள கம்பிவலையை வட்டமாக வளைத்து, விதைத்த கையோடு வயலின் நடுவில் நிறுத்தி, இரண்டு முளைக்குச்சி அடியுங்கள். உள்ளே மான் வாய் வைக்க முடியாது. பிப்ரவரி கடைசியில் ஒருமுறை, ஏப்ரல் நடுவில் ஒருமுறை, ஜூன் கடைசியில் ஒருமுறை போய், கூண்டுக்கு உள்ளே இருக்கும் உயரத்தையும் வெளியே இருக்கும் உயரத்தையும் அளவுகோல் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் இரண்டும் ஒன்றாக இருந்தால் கவலை வேண்டாம். பிப்ரவரியிலும் ஜூனிலும் ஒன்றாகவே இருந்தால் அடுத்த ஆண்டு விதைக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு ரம்பம் வாங்கி, வயலைச் சுற்றியுள்ள காட்டில் நாலு மரத்தைச் சாயுங்கள்.